கூடு கட்டும் பருவத்தில் எந்தப் பாறைக்குப் போவது? எல்டொராடோ பள்ளத்தாக்கும் அதன் மாற்றுகளும்

கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகருக்குத் தெற்கே, சவுத் போல்டர் ஓடை செம்மணற்கல்லை அறுத்து உண்டாக்கிய எல்டொராடோ பள்ளத்தாக்கு, மரபுமுறைப் பாறையேற்றம் (பாறையில் நிலையாக அடித்த போல்ட் ஆணிகளை நம்பாமல், விழுந்தால் தாங்கும் கருவிகளை ஏறுபவரே விரிசல்களில் செருகிக்கொண்டு போகும் முறை) எப்படிப்பட்ட கலை என்பதை ஒரே இடத்தில் முழுமையாகக் கற்றுத்தரக்கூடியது. உட்கூடச் சுவர்களில் பழகி, பிறகு தேர்ந்த ஒருவருக்குப் பின்னால் கயிற்றில் ஏறிப் பயின்று, இப்போது தாமே முன்னேற, அதாவது கயிற்றோடு முதலாமவராக ஏறத் துணிந்திருக்கும் இருவர் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தப் பகுதிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் முன் நான்கு வழிகள் உள்ளன: எல்டொராடோவிலேயே ஏறுவது, போல்டர் நகரின் மேற்கு விளிம்பில் நிற்கும் பிளாட்அயர்ன் பாறைகளுக்குப் போவது, போல்டர் பள்ளத்தாக்கின் கருங்கல்லைத் தேர்ந்தெடுப்பது, அல்லது ஒரு முழுநாள் காரோட்டி யூட்டாவின் இண்டியன் கிரீக்குக்குச் செல்வது. இவற்றோடு, பயணத்தையே இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போடுவது என்ற ஐந்தாவது வழியும் உண்டு. பலரும் தடங்களின் கடினத் தரத்தைப் பார்த்தே இந்த முடிவை எடுக்கிறார்கள். நாள்காட்டியை முதலில் விரித்து வைத்துவிட்டு, அதன் பிறகே தடங்களின் பட்டியலைத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் இந்த நான்கு இடங்களிலுமே ஆண்டின் ஒரு பகுதியில் வல்லூறுகளும் கழுகுகளும் கூடு கட்டுகின்றன. அப்போது எந்தெந்தப் பாறைகள் மூடப்படுகின்றன என்பதே மற்றெல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மூடலின் காரணத்தை விளங்கிக்கொண்டால் அதன் தேதிகள் தாமாகவே மனத்தில் பதியும். போல்டர் நகராட்சியின் திறந்தவெளி நிலத்துறை பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை பல பாறைகளை மூடுகிறது. பொரி வல்லூறு முட்டையிடுவது வசந்தத்தில்தானே, பனி உருகுமுன்பே ஏன் மூட வேண்டும் என்று தோன்றலாம். பறவைகள் இணை சேர்ந்து எந்த விளிம்பில் குடியேறுவது என்று முடிவு செய்வது குளிர்காலத்தின் கடைசி வாரங்களில்தான். அந்த நேரத்தில் மனித நடமாட்டம் கண்டால் அவை அந்த இடத்தையே விட்டு விலகிவிடக்கூடும். பொன்னாங்கழுகு இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. அது ஆண்டுதோறும் அதே பெரிய சுள்ளிக் கூட்டுக்குத் திரும்பி வந்து அதைப் புதுப்பிக்கிறது, ஆறு வாரம் அடைகாக்கிறது, குஞ்சு பறக்க மேலும் ஏறத்தாழ பத்து வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. பொரி வல்லூறு அப்படிச் சுள்ளிக் கூடு எதுவும் கட்டுவதில்லை. பாறை விளிம்பின் மண்ணில் ஒரு சிறு குழியைக் கீறி, வழக்கமாக மூன்று அல்லது நான்கு முட்டைகளை இட்டு, ஏறக்குறைய ஐந்து வாரம் அடைகாக்கிறது. தாய்ப் பறவை அஞ்சி எழுந்து பறந்தால் வசந்த காலக் குளிரில் முட்டைகள் விரைவில் குளிர்ந்துபோகும். வளர்ந்த குஞ்சுகளோ மிரண்டால் சிறகு முதிருமுன்பே விளிம்பிலிருந்து குதித்து மடியக்கூடும். முதல் பறப்புக்குப் பிறகும் சில வாரங்கள் அவை பெற்றோரின் இரையை நம்பியே வாழ்கின்றன என்பதால்தான் மூடல் ஜூலை இறுதிவரை நீள்கிறது.

ஏறுபவர்கள் அதிகம் அறியாத செய்தி ஒன்று உண்டு. கூட்டுக்குக் கீழே நடப்பவரைவிட மேலே தென்படும் மனிதரைக் கண்டே இப்பறவைகள் அதிகம் மிரளுகின்றன. ஆகவே பாறையின் முகத்தை மட்டும் மூடினால் போதாது. உச்சிக்குச் செல்லும் பின்புற வழியையும் இறங்கு தடத்தையும் சேர்த்தே மூட வேண்டியிருக்கிறது. மரபுமுறையில் ஏறுபவருக்கு இது நேரடியாகப் பொருந்தும், ஏனெனில் அவருடைய தடம் பெரும்பாலும் உச்சிவரை சென்று மறுபுறம் இறங்குவது. பாதித் தடம் திறந்திருக்கிறது என்பது அவருக்குப் பயனில்லாத செய்தி.

எல்டொராடோவுக்கு வருவோம். 1978-இல் மாநிலப் பூங்காவாக்கப்பட்ட இந்தப் பள்ளத்தாக்கின் பாறை, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த ஃபவுண்டன் அடுக்கைச் சேர்ந்தது. மணற்கல் என்ற பெயரைக் கேட்டு இளகிய கல் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே அது இறுகிக் கெட்டித்து, விளிம்புகள் கூர்மையாகவும் பல தடங்களில் கைபட்டு வழவழப்பாகவும் இருக்கிறது. விரிசல்கள் நீண்டு நேராக ஓடுவதில்லை. அவை ஆழமற்று, வெளிப்புறம் அகன்று, திடீரென்று மூடிக்கொண்டு, ஒரு முழம் தள்ளி வேறொரு திசையில் மீண்டும் தொடங்கும். எனவே விரிசலுக்குள் விரிந்து இறுகும் கேம் கருவியைச் செருகிவிட்டு மேலே போகும் வழக்கம் இங்கே செல்லாது. விரிசலில் சிக்கவைக்கும் உலோகத் துண்டாகிய நட் எது, எந்தக் கோணத்தில் எந்த இழுப்புக்குத் தாங்கும் என்பதை ஒவ்வொரு முறையும் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். தடங்கள் வளைந்து வளைந்து செல்வதால் கருவியையும் கயிற்றையும் இணைக்கும் நீண்ட வார்ப்பட்டைகள் பல தேவைப்படும். அவை இல்லாவிட்டால் கயிறு இழுபட்டு முன்னேறுபவரைப் பின்னுக்கு இழுக்கும். புதிதாக ஒரு போல்ட் அடிப்பதற்குக்கூட உள்ளூர் ஏறுவோர் அமைப்பின் குழுவில் விண்ணப்பித்து, பொதுமக்கள் கருத்தும் பூங்காவின் ஒப்புதலும் பெற வேண்டும் என்ற நடைமுறை இங்கே இருக்கிறது. அந்தக் கட்டுப்பாடுதான் இந்தச் சுவர்களை இன்றும் மரபுமுறைச் சுவர்களாகவே வைத்திருக்கிறது என்பதால் அதை நான் மனமாரப் போற்றுகிறேன்.

முதல் நாளுக்கு விண்ட் டவர் என்ற பாறையின் தென்மேற்கு முகம் பொருத்தமானது. அங்குள்ள கலிப்ஸோ, விண்ட் ரிட்ஜ் ஆகிய தடங்கள் 5.6 தரத்தில் உள்ளவை (இந்த அமெரிக்க அளவில் புள்ளிக்குப் பின்னுள்ள எண் கூடக் கூடத் தடம் கடினம்; 5.9-க்கு அடுத்தது 5.10). வெயில் விழும் முகம் என்பதால் மார்ச் மாதத்திலும் விரல் விறைக்காமல் ஏறலாம். ஆனால் அதன் மேற்பகுதியில் தளர்ந்த கற்கள் உள்ளன, கீழே வேறு குழுக்கள் நிற்பார்கள். ஆகவே இரண்டாமவர் வந்து சேரும்போது கயிறு எதன்மேல் உரசுகிறது என்பதில் கண் வைத்திருக்க வேண்டும். அடுத்து பாஸ்டில் விரிசல். சாலையோரத்திலேயே எழும் நூறு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வடமுகச் சுவர் அது. 5.7 என்று குறித்திருந்தாலும் தொடக்கத்திலேயே ஒரு பாறைத் துண்டிலிருந்து விரிசலுக்குத் தாவிப் பற்றும் இடமும், மேலே சில அசைவுகளும் அந்த எண்ணைவிடக் கடினமாகவே உணரப்படும். உட்கூடத்தில் 5.10 ஏறுகிறேன் என்ற நம்பிக்கையோடு வருபவர் இங்கே இரண்டு முழுத் தரம் இறங்கித் தொடங்குவதே நல்லது. ரெட்கார்டன் சுவரின் ரீரிட்டன் 5.7 தரத்தில் நீண்ட, திறந்தவெளி உணர்வு மிக்க தடம். பயணத்தின் கடைசி நாள்களில் அதை வைத்துக்கொள்ளலாம். அதே சுவரில் 1959-இல் லேட்டன் கோரும் டேவ் டார்னனும் முதலில் ஏறிய எல்லோ ஸ்பர் 5.9 தரத்தில் இருக்கிறது. 1971-இல் ஜிம் எரிக்சனும் டங்கன் ஃபெர்குசனும் கருவிகளைப் பிடித்து இழுக்காமல் ஏறிக் காட்டிய நேக்கட் எட்ஜ் 5.11. நான் கற்பனை செய்திருக்கும் இருவர் இவற்றைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தால் போதும். அப்படிப் பார்ப்பதிலும் கற்க நிறைய இருக்கிறது.

இனி மூடல். பூங்கா நிர்வாகமும் பறவைகள் எங்கே தங்குகின்றன என்பதைப் பொறுத்துத் தன் எல்லைக்குள் சில பகுதிகளை மூடுகிறது. பள்ளத்தாக்குக்கு வடக்கே உள்ள மிக்கி மவுஸ் சுவர் நகராட்சியின் பருவகால மூடலுக்கு உட்படுவது. ஆயினும் தடங்கள் பல சுவர்களில் பரந்து கிடப்பதால், ஒரு பகுதி மூடப்பட்டாலும் நம் தரத்துக்குரிய தடங்கள் மிஞ்சுகின்றன. எல்டொராடோவின் பெரும் பலம் இதுதான். இருந்தாலும் நான் மேலே சொன்ன தடங்களுக்கும் இது பொருந்தும்: நுழைவாயிலில் அன்றைய நிலையைக் கேட்காமல் எந்தச் சுவருக்கும் போகக் கூடாது. வேறு இரண்டு குறைகளும் உண்டு. விடுமுறை நாள்களில் வண்டி நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும், கோடையில் வார இறுதி நுழைவுக்கு முன்பதிவும் தேவைப்படுகிறது; எனவே வாரநாள்களை ஏற்றத்துக்கும் சனி ஞாயிறை ஓய்வுக்கும் ஒதுக்கினால் எளிது. ஜூன், ஜூலை மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கமானது என்பதால் நண்பகலுக்குள் தரையில் இருக்கும்படி திட்டமிட வேண்டும்.

பிளாட்அயர்ன் பாறைகள் வேறொரு வகை. அதே ஃபவுண்டன் மணற்கல்தான், ஆனால் கிழக்கு நோக்கிச் சாய்ந்த மாபெரும் பலகைகளாக நிற்கிறது. கையின் வலிமையைவிடக் காலின் நம்பிக்கையே இங்கே வேண்டும். மூன்றாம் பிளாட்அயர்னின் கிழக்கு முகம் 5.4 தரத்தில், 1906-இல் ஏர்ல் மில்லார்டும் ஃபிளாய்டு மில்லார்டும் முதன்முதலில் ஏறியது. நின்று துணைவரின் கயிற்றைப் பிடித்துக் காக்கும் பிலே நிலைகளில் பெரிய இரும்பு வளையங்கள் பதித்திருக்கிறார்கள். பல கயிற்று நீளம் கொண்ட தடத்தில் முதன்முறையாக முன்னேறுபவருக்கு இதைவிடக் கனிவான பாறையை என்னால் சொல்ல முடியாது. ஆனால் பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை அது மூடப்படும் பாறைகளில் ஒன்று. நம் பயணம் வசந்தத்தில் என்றால், புதியவருக்கு மிக ஏற்றதாகிய இந்த ஒன்றே கைக்கு எட்டாமல் போகிறது.

அப்போது முதலாம் பிளாட்அயர்ன் திறந்திருக்கிறதே, அங்கே போகலாமே என்று சொல்வார்கள். இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். முதலாம் பிளாட்அயர்னின் நேர்க் கிழக்கு முகம் ஏறக்குறைய 300 மீட்டர் நீளமான 5.6 தடம், தரத்தில் எளிது, ஆனால் கருவி வைக்க இடம் அரிது. கீழ்ப்பகுதியில் ஒரு கருவிக்கும் அடுத்ததற்கும் இடையே நீண்ட இடைவெளி விடவேண்டிவரும், அங்கே கால் வழுக்கினால் விழுவது கொஞ்சதூரம் அல்ல. மூன்றாம் பிளாட்அயர்ன் மூடப்பட்டதால் அதற்கு ஈடாக முதலாவதை எடுத்துக்கொள்வது, எண்ணை மட்டும் பார்த்துச் செய்யும் மாற்று. 5.8-இல் கருவி வைத்து அமைதியாக முன்னேறக் கூடியவர்களுக்கு அது அருமையான நாள். மற்றவர்கள் இரண்டாம் பிளாட்அயர்னின் ஃபிரீவே போன்ற இன்னும் எளிய தடத்தில் சாய்பலகையின் இயல்பைப் பழகிவிட்டு அங்கே போகலாம்.

போல்டர் பள்ளத்தாக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெடுஞ்சாலையின் இருபுறமும் சிறு சிறு கருங்கல் முகடுகள். விரிசல்கள் எல்டொராடோவைவிட நேர்மையானவை, கருவி வைப்பது எளிது. பொன்னாங்கழுகுகளுக்காக ஈகிள் ராக், செக்யூரிட்டி ரிஸ்க், பிளாப் ராக், பிட்டி பட்ரஸ் ஆகிய பாறைகளும் அவற்றின் சுற்றுப்புறமும் பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை மூடப்படுவது வழக்கம். நகருக்கு அருகே உள்ள டோம் பாறையின் கோஸிஹேங், ஈஸ்ட் ஸ்லாப் ஆகிய தடங்கள் நம் இருவருக்கு ஏற்றவை. மழைக்குப் பின் மணற்கல் ஈரமாக இருக்கும் நாளுக்கும், காலை முழுதும் வீணான பின் மாலையில் இரண்டு மணி நேரம் கிடைக்கும்போதும் இந்த இடம் கைகொடுக்கும். ஒரு வாரப் பயணத்தின் மையமாக இதை வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

இண்டியன் கிரீக்குக்கு நிறைய ஆதரவாளர்கள் உள்ளனர், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. யூட்டாவின் தென்கிழக்கில், 2016-இல் அறிவிக்கப்பட்ட பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவிடத்துக்குள் அமைந்த இந்த ஓடைப் பள்ளத்தாக்கில், விங்கேட் மணற்கல் சுவர்கள் அடிமுதல் நுனிவரை ஒரே அகலத்தில் பிளந்து நிற்கின்றன. 1976-இல் ஏறப்பட்ட சூப்பர்கிராக் அந்த வகைத் தடங்களுக்கு உலக அளவில் அடையாளமாகிவிட்டது. சுருள்வில் கேம் கருவிகள் கடைக்கு வருமுன்பே அத்தகைய இணைவிரிசலில் அதன் முதல் ஏற்றக் குழுவினர் முன்னேறியதை நினைத்தால் இன்றும் வியப்பு மேலிடுகிறது. விரிசலில் கையைச் செருகி முறுக்கி ஏறும் உத்தியைக் கற்க இதைவிட நல்ல பள்ளி கிடையாது. ஆனால் நாம் தேடுவது மரபுமுறையின் முழுமை என்றால், அதில் ஒரு பாதி இங்கே கிடைக்காது. தடங்கள் பெரும்பாலும் ஒரே கயிற்று நீளம், உச்சியில் நிலையான நங்கூரம், வழி தேடும் வேலை இல்லை, பல்வகைக் கருவிகளைத் தேர்ந்து வைக்கும் சிந்தனையும் குறைவு. மாறாக, ஒரே அளவுள்ள கேம்கள் ஐந்து ஆறு வேண்டும். அவற்றை வாங்கும் செலவு, இரவல் தரும் நண்பர்கள் இல்லாதவருக்குப் பெரிய சுமை.

அங்கே பறவைகளுக்கான ஏற்பாடும் வேறுவிதமானது. மார்ச் முதல் ஆகஸ்டு இறுதிவரை குறிப்பிட்ட சுவர்களைத் தவிர்க்குமாறு கூட்டரசின் நில மேலாண்மைத் துறை கேட்டுக்கொள்கிறது. வசந்தத்தில் ஆய்வாளர்கள் சுவர்களைப் பார்த்துவிட்டு, கூடு இல்லாதவற்றைப் பட்டியலிலிருந்து விடுவிக்கிறார்கள். போல்டரில் சட்டப்படியான தடை, இங்கே வேண்டுகோள் என்ற வேறுபாட்டைச் சிலர் சலுகையாக எடுத்துக்கொள்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கூட்டில் இருக்கும் பறவைக்கு இந்த வேறுபாடு தெரியாது. வேண்டுகோள் பலனளிக்கவில்லை என்றால் அதன் அடுத்த படி தடைதான் என்பதையும் ஏறுவோர் நினைவில் கொள்ள வேண்டும். ஹோப்பி, நவாஹோ, ஸூனி, இரண்டு யூட் பழங்குடி அரசுகள் ஆகிய ஐந்தும் தம் மூதாதையரின் நிலம் என்று போற்றும் இடம் அது. அங்கே விருந்தினராக நடந்துகொள்வதற்குக் கூடுதல் காரணமும் இருக்கிறது. மழை பெய்தால் விங்கேட் மணற்கல் வலுவிழந்து விளிம்புகள் பெயர்ந்துவிடும். உலரும்வரை ஓரிரு நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், ஒரு வாரத்தில் இரண்டு மழை பெய்தால் பயணமே வீணாகும்.

இந்த விதிகளைச் சுமையாகக் கருதுபவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். டிடிடி பூச்சிக்கொல்லி இரையின் வழியே உடலில் சேர்ந்து முட்டையோட்டை மெலியச் செய்ததால், அடைகாக்கும் தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கி, அமெரிக்காவில் பொரி வல்லூறு அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. 1972-இல் அந்த மருந்துக்குத் தடை வந்தது; காப்பிடத்தில் வளர்த்த குஞ்சுகளைக் குன்றுகளில் விட்டுப் பல ஆண்டுகள் உழைத்த பின்னரே 1999-இல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து அதை நீக்க முடிந்தது. இன்றும் கொலராடோவில் தன்னார்வலர்கள் வசந்தம் முழுதும் தொலைநோக்கியோடு பாறைகளின் கீழ் அமர்ந்து குறிப்பெடுக்கிறார்கள். அவர்களுடைய குறிப்பின்படிதான், பறவை குடியேறாத பாறையும் குஞ்சுகள் முன்னதாகப் பறந்துவிட்ட பாறையும் ஜூலை 31-க்கு முன்பே திறக்கப்படுகின்றன. வெறும் தேதியைக் கொண்டு பூட்டிவைக்கும் முறையைவிட இது ஏறுவோருக்கு எவ்வளவு சாதகமானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் முடிவு இப்படி அமைகிறது. விடுப்பு ஏப்ரல் அல்லது மே மாதத்தில் மட்டுமே கிடைக்கும் என்றால், எல்டொராடோவை மையமாகக் கொண்டு, ஈர நாளுக்குப் போல்டர் பள்ளத்தாக்கைக் கையில் வைத்துக்கொண்டு போகலாம். பிளாட்அயர்னை அந்த முறை விட்டுவிடுங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பனிப்பொழிவு திட்டத்தைக் குலைக்கும் என்பதால் தொலைவிலிருந்து வருபவர்களுக்கு அந்த மாதங்களைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜூன், ஜூலையில் போவதென்றால் நிழலில் நிற்கும் பாஸ்டிலின் வடமுகத்தை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முழுவதும் உங்களிடம் இருந்தால், செப்டம்பரின் பிற்பாதியும் அக்டோபரும் மற்ற எல்லா மாதங்களையும் விஞ்சியவை: கூடுகள் காலியாகிவிட்டன, மூன்றாம் பிளாட்அயர்ன் திறந்திருக்கிறது, இடிமழை ஓய்ந்துவிட்டது, கல் குளிர்ந்து பிடிப்புக் கூடியிருக்கிறது. அப்போது முதல் நாள் மூன்றாம் பிளாட்அயர்னில் தொடங்கி, பிறகு விண்ட் டவர், பாஸ்டில், ரீரிட்டன் என்று படிப்படியாக ஏறிச் செல்லும் வரிசை வசந்தத்தில் எந்த வகையிலும் அமையாது. இண்டியன் கிரீக்கை அதற்கடுத்த ஆண்டின் இலையுதிர் காலத்துக்கு, கருவிகளும் கூட்டாளிகளும் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதமாயினும், பட்டியலில் இல்லாத சுவரிலும் பறவை புதிதாகக் குடியேறியிருக்கக் கூடும். ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு வல்லூறு இடைவிடாது கத்தியபடி தலைக்கு மேல் வட்டமிட்டாலோ, பாய்ந்து பாய்ந்து விலகினாலோ, அருகில் கூடு இருக்கிறது என்று பொருள். அந்த நொடியே இறங்கத் தொடங்க வேண்டும். மரபுமுறைத் தடத்தில் இறங்குவதென்றால் சில கருவிகளைப் பாறையிலேயே விட்டுவிட வேண்டிவரும். அதற்காகவே பழைய நட்கள் இரண்டு மூன்றையும் வெட்டிக் கட்டக்கூடிய நாடாத் துண்டு ஒன்றையும் இடுப்புப் பட்டையில் தனியே மாட்டிக்கொண்டு போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். விலையுயர்ந்த கேமை விட மனமில்லாமல் இன்னும் ஒரு கயிற்று நீளம் மேலே போய்விடலாம் என்ற எண்ணம் அப்போது எழாது. தரைக்கு வந்ததும், பறவையை எந்தத் தடத்தில் எந்த உயரத்தில் கண்டீர்கள் என்பதைப் பூங்கா அலுவலகத்திலோ நிலத்துறையிலோ அன்றே தெரிவித்துவிடுங்கள்.